ஜூன் முதல் வாரத்தில் ஸ்னோ லேக் போகலாமா?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் அருகே ரெட்மண்டில் வேலை பார்க்கும் ஒருவரின் அப்பா அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். ஜூன் முதல் சனிக்கிழமை அவர்களை ஸ்னோகுவால்மி கணவாய்க்கு மேலே இருக்கும் ஸ்னோ லேக்குக்கு அழைத்துப்போக நினைக்கிறார். ஆகஸ்டில் நண்பர்கள் எடுத்த படங்களைப் பார்த்து வந்த ஆசை. "போக வர ஏழு மைல்தான். அப்பா ஊரில் தினமும் ஐந்து கிலோமீட்டர் வாக்கிங் போகிறவர். பனி இருந்தால் மைக்ரோஸ்பைக் வாங்கி மாட்டிக்கொண்டால் போதாதா?" என்று கேட்கிறார். (மைக்ரோஸ்பைக் என்பது ஷூவின் அடியில் மாட்டிக்கொள்ளும் சிறு இரும்புப் பற்கள்.)

பாதி வழி வரை தாராளமாகப் போகலாம். ஏரி வரை வேண்டாம். அப்பாவின் உடல் பலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர் இந்த ஏற்றத்தை ஏறிவிடுவார். சிக்கல் பாதையின் கடைசி மைல்களில், அதுவும் நீங்கள் காரை நிறுத்தும் இடத்திலிருந்து கண்ணில் படாத பக்கத்தில் இருக்கிறது.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஐ-90 நெடுஞ்சாலையில் 52ஆம் எக்ஸிட்டில் இறங்கி ஆல்பென்டல் ஸ்கீ இடத்தின் பெரிய பார்க்கிங்கில் நிறுத்துகிறோம். அங்கே உயரம் சுமார் 3100 அடி. பாதை பள்ளத்தாக்கின் வலது ஓரமாக, ஸ்னோகுவால்மி மலையின் அடிவாரச் சரிவில், ஒன்றரை மைலுக்குச் சற்று மேல் மெதுவாக ஏறிப்போகிறது. எதிர்ப்பக்கம் டூத் என்ற பாறைச் சிகரம், நேரே சேர் பீக். அந்தப் பகுதி முடியும் இடத்தில் ஒரு பிரிவு வரும். நேராகப் போனால் சோர்ஸ் லேக். வலப்பக்கம் திரும்பினால் கொண்டை ஊசி வளைவுகளாகச் செங்குத்தான ஏற்றம், 4400 அடியில் ஒரு மேடு. அந்த மேட்டைத் தாண்டி மறுபக்கம் 400 அடி இறங்கினால்தான் ஏரி. திரும்பி வரும்போது அந்த 400 அடியையும் களைத்த காலோடு ஏறியாக வேண்டும். முதல் முறை வருபவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த மேடு ஒரு நீர்ப்பிரிவும்கூட. இந்தப் பக்கம் சோர்ஸ் லேக்கில் பிறக்கும் தண்ணீர் ஸ்னோகுவால்மி ஆற்றின் தெற்குக் கிளை. அந்தப் பக்கம் ஸ்னோ லேக்கிலிருந்து வழிவது நடுக் கிளைக்குப் போகிறது. இரண்டும் நார்த் பெண்ட் பக்கம் வந்து சேர்ந்து, நாம் ஊரிலிருந்து வருபவர்களை எல்லாம் தவறாமல் கூட்டிப்போய்க் காட்டும் அந்த 268 அடி ஸ்னோகுவால்மி அருவியாக விழுகின்றன. அப்பாவுக்கு ஆறு குளம் என்றால் ஆர்வம் இருக்குமானால் இதை வரைபடத்தில் காட்டுங்கள்.

சரி, பனிக்கு வருவோம். நீங்கள் ஏறும் பக்கம் தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவு. வெயில் நன்றாக விழும். மே கடைசியிலேயே முதல் ஒரு மைல் பெரும்பாலும் மண்ணும் கல்லுமாகத் தெரிய ஆரம்பித்துவிடும், அங்கங்கே பனித்திட்டுகள் மட்டும். பார்க்கிங்கில் நின்று பார்ப்பவருக்கு "பனியெல்லாம் போய்விட்டது" என்றுதான் தோன்றும். ஏரி இருக்கும் பக்கமோ வடக்கு பார்த்தது. மேட்டின் நிழலும் சிகரங்களின் நிழலும் சேர்ந்து, இந்தப் பக்கம் பூப்பூக்கும்போது அந்தப் பக்கம் இன்னும் குளிர்காலம் முடிந்திருக்காது. ஆறு வார இடைவெளிகூட எனக்கு ஆச்சரியம் தராது. ஜூன் முதல் வாரத்தில் ஏரி பெரும்பாலும் உறைந்த நிலையிலோ, ஓரம் மட்டும் உருகிய நிலையிலோ இருக்கும். ஆகஸ்ட் படத்தில் பார்த்த நீலம் அப்போது இருக்காது.

பனியில் நடப்பதே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. சமதளத்தில் பத்தடி ஆழப் பனி இருந்தாலும் ஒன்றும் ஆகாது, கால் புதையும், சிரித்துவிட்டு எழுந்துகொள்ளலாம். சரிவான பனியைக் குறுக்கே கடப்பதுதான் வேறு விஷயம். கோடையில் மலைச்சரிவில் இரண்டடி அகலத்துக்கு வெட்டிய பாதை இருக்கும். பனி மூடியதும் அந்தப் படி மறைந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவாகிவிடும். அதில் கால் வழுக்கினால் நைலான் ஜாக்கெட் போட்ட உடம்பு நொடிக்குள் வேகம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு பனித்திட்டின் முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி "நான் வழுக்குவேனா" என்பதல்ல, "வழுக்கினால் எங்கே போய் நிற்பேன்" என்பது. கீழே சரிவு தணிந்து சமமாகிறது என்றால் கடக்கலாம். பாறைக் குவியலோ மரங்களோ ஓடையோ இருந்தால் திரும்ப வேண்டும். மேட்டின் மறுபக்க இறக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பல இடங்களில் நல்ல பதில் கிடைக்காது.

மைக்ரோஸ்பைக் பற்றி இங்கே நிறையத் தவறான நம்பிக்கை இருக்கிறது. அது காலையில் இறுகிக் கிடக்கும் பனியிலும், மிதித்து மிதித்துக் கண்ணாடியான பாதையிலும் மிக நல்ல பொருள். வாங்குங்கள், மூன்று பேருக்கும் வாங்குங்கள். ஆனால் அதன் பல் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடினால் அதிகம். மதியம் ஈரப்பனி கூழாகும்போது அது பிடிக்க ஒன்றுமே இருக்காது, அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டு வழுக்குவதை இன்னும் மோசமாக்கும். செங்குத்துச் சரிவுக்கு அது செய்யப்படவே இல்லை. ஐஸ் ஆக்ஸ், அதாவது பனிக்கோடரி, வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். விழுந்த வேகத்தில் அதைக் குத்தி நிறுத்தப் பழகாதவர் கையில் அது கூர்மையான இரும்பு, அவ்வளவுதான். நடைக்கோல் இரண்டு இருந்தால் அப்பா அம்மாவின் முழங்காலுக்கு அதைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

இன்னொன்று, பனிக்கு அடியில் இருக்கும் வெற்றிடம். இந்தப் பள்ளத்தாக்கில் பாதையைக் குறுக்கிடும் சிற்றோடைகள் ஏராளம். ஜூனில் அவை எல்லாம் பனிக்குக் கீழே ஓடிக்கொண்டு, அதைக் கீழிருந்து அரித்துக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் முழுசாகத் தெரியும், உள்ளே பூரி போல வெறும் காற்று. கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டால், பனியின் நடுவில் லேசான பள்ளமோ சாம்பல் நிறக் கோடோ தெரிந்தால், அந்த இடத்தை மிதிக்கக் கூடாது. மரத்தடியிலும் பெரிய பாறை ஓரத்திலும் இதே கதைதான், அவை வெயிலில் சூடாகிச் சுற்றியுள்ள பனியை உருக்கி ஆழமான குழி விட்டிருக்கும். இடுப்பு வரை இறங்கிய கால் உள்ளே இருக்கும் கிளையில் மாட்டினால் முறியும். பனிக்குகை போல ஏதாவது தெரிந்தால் படம் எடுக்க உள்ளே போகவே வேண்டாம். இதே மாநிலத்தில் மவுண்டன் லூப் நெடுஞ்சாலைப் பக்கம் பிக் ஃபோர் பனிக்குகைகளில் 2010லும் 2015லும் பனிக்கட்டி விழுந்து உயிர்கள் போயின. இரண்டுமே ஜூலை மாதம், நல்ல வெயில் காலம்.

பனிச்சரிவையும், அதாவது மேலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுவதையும், சொல்லாமல் விடக் கூடாது. ஸ்னோ லேக் பாதை பல பனிச்சரிவுத் தடங்களுக்குக் கீழேதான் போகிறது. நடக்கும்போது திடீரென்று மரமே இல்லாத, புதர் மட்டும் மண்டிய பட்டைகள் வரும், மரங்கள் எல்லாம் ஒரே திசையில் ஒடிந்து கிடக்கும். அவைதான் அந்தத் தடங்கள். குளிர்காலத்தில் இங்கே உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. ஜூனில் ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகாமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெப்பமாக இருந்தால், மேலே மிஞ்சியிருக்கும் பனி நனைந்து பிடி தளரும். சரிவில் சிறு சிறு பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவது அதற்கு முன்னறிவிப்பு. அந்த மரமற்ற பட்டைகளில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடாதீர்கள். பேசிக்கொண்டே கடந்து, மரங்களுக்குள் போய் உட்காருங்கள். வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் தினசரி முன்னறிவிப்பு வசந்த காலத்தோடு நின்றுவிடும் என்பதால், ஜூனில் இந்த முடிவை நீங்களேதான் எடுக்க வேண்டும்.

போகும் முன் நிலைமையை எப்படித் தெரிந்துகொள்வது? தேதியை நம்ப வேண்டாம். 2015ல் பனியே சரியாகப் பெய்யாமல் மே மாதமே மாநிலம் முழுவதும் வறட்சி அறிவித்தார்கள். 2011ல் பனி வசந்தம் முழுக்கக் கொட்டிக் கோடைக்குள்ளும் கிடந்தது. ஒரே ஜூன் 5, முற்றிலும் வேறு மலை. நான் முதலில் பார்ப்பது ஒலாலி மெடோஸ் என்ற தானியங்கிப் பனி அளவீட்டு நிலையம். அமெரிக்க விவசாயத் துறையின் ஸ்னோடெல் வலையமைப்பைச் சேர்ந்தது. கணவாய்க்கு அருகிலேயே, கிட்டத்தட்ட ஏரி இருக்கும் அதே 4000 அடி உயரத்தில் இருப்பதால் நமக்கு வசதி. அங்கே இன்று எத்தனை அங்குலம் பனி இருக்கிறது என்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அது பூஜ்யம் காட்டினால்கூட, நிழல் விழும் வடக்குச் சரிவில் இன்னும் சில வாரம் பனி இருக்கும் என்று சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது, வாஷிங்டன் டிரெயில்ஸ் அசோசியேஷன் தளத்தில் நடந்தவர்கள் எழுதும் குறிப்புகள். அதில் "ஈஸி, ஸ்னோ ஆல் ஃபைன்" என்று எழுதியிருப்பவர் யார் என்பதைப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் ஐஸ் ஆக்ஸோடு போன ஒருவருக்கு ஈஸியாக இருந்தது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. எழுதியவர் எங்கே மைக்ரோஸ்பைக் மாட்டினார், எங்கே திரும்பினார், மணி என்ன என்ற மூன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அங்கே போனதும் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். பனியில் கால்தடங்கள் தெரியும், ஆனால் அவை கோடைப் பாதையில் போகாது. குளிர்காலத்தில் வருபவர்கள் பள்ளத்தாக்கின் அடியிலேயே சோர்ஸ் லேக் பக்கம் போய், அங்கிருந்து நேராகச் செங்குத்தாக ஏறுவார்கள். அந்தத் தடம் ஜூனிலும் பாதியாக மிஞ்சியிருக்கும். முன்னால் போகிறவர்களைப் பின்தொடர்ந்து போய், நாற்பது டிகிரிச் சரிவின் நடுவில் நின்றுகொண்டு விழிப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். வீட்டிலேயே ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கி வையுங்கள், பள்ளத்தாக்குக்குள் போனதும் சிக்னலை நம்ப முடியாது.

உங்கள் நாளை நான் திட்டமிட்டால் இப்படித்தான் வைப்பேன். ஆறு மணிக்கு ரெட்மண்டிலிருந்து கிளம்பி ஏழு, ஏழேகாலுக்கு நடக்க ஆரம்பியுங்கள். வார இறுதியில் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பும் என்பது ஒரு காரணம். இறுகிய பனி மதியத்துக்குள் கூழாகிவிடும் என்பது பெரிய காரணம். சோர்ஸ் லேக் பிரிவு வரை நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரம். அதுதான் உங்கள் திரும்பும் இடம். அதை வீட்டிலேயே, காரில் ஏறும் முன்பே அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஏரியைப் பார்க்காமல் எப்படி" என்ற பேச்சு மலையில் வைத்து வந்தால் நீங்கள் தோற்றுப்போவீர்கள், குறிப்பாக அப்பாவிடம். வழியில் அதற்கு முன்பே மேலே சொன்ன மாதிரி மோசமான குறுக்குப் பனித்திட்டு வந்தால் அங்கேயே திரும்புங்கள். பிரிவில் நின்றாலே சேர் பீக்கும் டூத்தும் பனியோடு எதிரே நிற்கும். மதுரையிலிருந்து வருபவருக்கு அது சின்னக் காட்சி அல்ல.

என்னைப் போல் பழகிய யாராவது அப்பா அம்மா இல்லாமல் உங்களை மட்டும் ஏரி வரை கூட்டிப்போனால், ஒரே ஒரு எச்சரிக்கை: உறைந்த ஏரியின் மேல் கால் வைக்க வேண்டாம். யாரோ நடந்த தடம் இருந்தாலும் வேண்டாம், அது எந்த வாரத்துத் தடம் என்று தெரியாது. வசந்தத்துப் பனிக்கட்டி மேலே தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே செங்குத்தான குச்சி குச்சியாகப் பிரிந்து வலுவிழந்திருக்கும். விழுந்தால் உறைநிலைத் தண்ணீரில் முதல் நிமிடம் மூச்சே கட்டுப்பாட்டில் இருக்காது, நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார்.

உடை விஷயத்தில் ஜீன்ஸும் பருத்தியும் வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் போதும். அப்பா கொண்டுவந்த மங்கி கேப் இங்கே கேலிக்குரிய பொருளே அல்ல, எடுத்து வையுங்கள். கூலிங் கிளாஸ் மூவருக்கும் கட்டாயம். பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால், மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழும்கூடக் கருகும், கண்ணுக்கு இரவில் மணல் விழுந்தது போன்ற எரிச்சல் வரும். ஒரு ஜோடி காலுறை கூடுதலாக. சாப்பாடு நம் வழக்கப்படியே, ஆனால் தயிர்சாதம் குளிரில் யாருக்கும் இறங்காது, பிளாஸ்கில் சூடாகக் காப்பி எடுத்துப்போனால் அம்மா உங்களை வாழ்த்துவார். அப்பா அம்மாவின் வழக்கமான மாத்திரைகள் காரில் அல்ல, பையில் இருக்க வேண்டும். டார்ச், முதலுதவி, தீப்பெட்டி எல்லாம் சேர்ந்த "பத்து அத்தியாவசியங்கள்" என்ற பட்டியல் சியாட்டிலில் 1906ல் தொடங்கிய மவுண்டனீயர்ஸ் சங்கம் உருவாக்கியது. உள்ளூர்ச் சரக்கு என்பதற்காகவாவது ஒரு முறை படித்துவிடுங்கள்.

காருக்கு நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும், நாளுக்கு 5 டாலர், வருடத்துக்கு 30. தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் இருந்தால் அதுவே செல்லும். பாதை தொடக்கத்தில் ஒரு பெட்டியில் இலவச அனுமதிச் சீட்டு இருக்கும், நிரப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போகப்போக ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதி எல்லை தொடங்கும். அதற்குள் ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது. நம்மாட்கள் நான்கு குடும்பம் சேர்ந்து இருபது பேராகக் கிளம்பும் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன். இந்த வனப்பகுதியை 1976ல் சட்டமாக்கியதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. மசோதாவை நிராகரிக்கும்படி அதிபர் ஃபோர்டுக்கு ஆலோசனை போயிருந்தது. அன்றைய வாஷிங்டன் ஆளுநர் டான் எவன்ஸ், தானே மலையேறுபவர், இந்த ஏரிகளின் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தோடு போய் அதிபருக்குப் புரட்டிக் காட்டினார். ஃபோர்டு கையெழுத்துப் போட்டார்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஏதாவது ஆனால் 911. கிங் கவுண்டியில் தேடி மீட்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், மீட்டதற்குக் காசு கேட்பதில்லை. "பில் வருமோ" என்று பயந்து தாமதிக்க வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரி பில் நிச்சயம் வரும், அதனால் அப்பா அம்மாவின் விசிட்டர் இன்ஷூரன்ஸில் கால் முறிவுக்கு என்ன கிடைக்கும் என்பதை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

அப்பா அம்மாவுக்கு மலை ஏரி ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் உயரம் குறைந்ததாகத் தேடுங்கள். 45ஆம் எக்ஸிட்டிலிருந்து போகும் டலாபஸ் லேக் சுமார் 3200 அடியில், மரக்காட்டுக்குள், போக வர நான்கு மைலுக்குள் இருக்கிறது. ஜூனில் அங்கங்கே பனியும் சேறும் இருக்கலாம், ஆனால் ஆபத்தான குறுக்குச் சரிவுகள் இல்லை. அதற்கு மேலே இருக்கும் ஒலாலி லேக்கைப் பனி அளவு பார்த்து முடிவு செய்யுங்கள். முழங்கால் ஒத்துழைக்காத நாள் என்றால் 54ஆம் எக்ஸிட்டில் கோல்ட் கிரீக் பாண்ட், ஏறக்குறைய ஒரு மைல், சமதளம், தார் போட்ட பாதை. நெடுஞ்சாலை போடச் சரளை தோண்டிய குழிதான் அது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சுற்றி அவ்வளவு மலை. 32ஆம் எக்ஸிட்டில் ராட்டில்ஸ்னேக் லேக்குக்கும் கதை உண்டு: 1915ல் சீடார் ஆற்று அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் ஊறி வந்து, மாங்க்டன் என்ற சின்ன ஊரை மெல்ல மெல்ல மூழ்கடித்தது. வைகை அணையைப் பார்த்து வளர்ந்த அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொண்டே கரையில் நடக்கலாம்.

ஸ்னோ லேக்கின் நீலம் வேண்டுமென்றால் ஜூலை கடைசிக்குப் பிறகு, முடிந்தால் வாரநாளில் போங்கள். கரையில் ஒரு பழைய சிறு வீட்டின் கல் புகைபோக்கி மிஞ்சி நிற்கும், ஏரி நன்றாகத் தெரியும் இடம் அதுதான். ஜூலை முழுக்கக் கொசு அதிகம், கொசுவர்த்தி வேலைக்காகாது, தடவிக்கொள்ளும் மருந்து எடுத்துப்போங்கள். அப்பா அம்மாவின் டிக்கெட் ஆகஸ்டில்தான் திரும்புகிறது என்றால் இந்த முறையே இரண்டையும் செய்யலாம்: இப்போது பிரிவு வரை, அப்புறம் ஏரி வரை.